சங்குக்கும் தண்ணீருக்கும் இடையில்

விசாரணை அறிக்கையில் இருந்த ஒரு வரிக்காகத்தான் சலவைக்காரர் அன்று காலையில் அணைக்கட்டுக் குடியிருப்புக்கு ஏறி வந்தார். கையில் நான்கு பக்க நகல். மூன்றாம் பக்கத்தின் அடியில், ‘இறந்தவரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் எனத் தெரியவருகிறது’ என்று தட்டச்சு செய்திருந்தது. அந்த வரியின்மேல் நகத்தால் கீறிக் கீறி, தாள் அந்த இடத்தில் நைந்துபோயிருந்தது. அறிக்கையில் இன்னும் கையெழுத்தாகவில்லை. ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லலாம் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அன்று புதன்.

மதகுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இடது கண்ணில் புரை எடுத்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வந்தவரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் காட்டினார். சலவைக்காரர் உட்காரவில்லை.

“கண்ணு எப்படி இருக்கு?”

“பரவால்ல. வெளிச்சம்தான் ஆகல.”

பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர் தன் கண்ணைப் பற்றி விசாரிக்கிறார் என்பது மதகுக்காரருக்குச் சுருக்கென்றது. நாற்காலியை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

“உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்,” என்றார் சலவைக்காரர். “சங்கு ஊதினதுக்கப்புறம் தண்ணி வர்றதுக்கு எவ்வளவு நேரம் இருக்கும்?”

மதகுக்காரர் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“என் தங்கச்சி அரை மணின்னு சொல்றா. ஆபீசுக்கே போயி சொன்னா. அங்க இருந்தவன், ‘ஏம்மா, உன் கையில வாட்ச் இருந்துச்சா?’ன்னு கேட்டிருக்கான். எல்லாரும் சிரிச்சிருக்காங்க. தெருவுல மத்தவங்களும் அரை மணின்னுதான் சொன்னாங்க. எல்லாம் சேந்து பேசி வச்சுக்கிட்டு வந்துட்டீங்கன்னுட்டாங்க. தங்கச்சி வீட்டுக்கு வந்ததுலேந்து வாயே திறக்கல.”

“ம்.”

“ரிஜிஸ்டரைக் காட்டினாங்களாம். பத்தொம்பது வருஷமும் பத்து நிமிஷம்தான் போட்டிருக்காம். எல்லாம் உங்க கையெழுத்து. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் கேட்டுக்கறேன். எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் இஸ்திரிப்பெட்டியோட நிக்கிறவன். ஓடைக்குப் போனது என் பொண்டாட்டியும் தங்கச்சியும்தான்.”

உள்ளே மதகுக்காரரின் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது.

“ரிஜிஸ்டர்ல எப்படி இருக்கோ அப்படித்தான்,” என்றார் மதகுக்காரர்.

“அப்ப என் தங்கச்சி பொய் சொல்றாளா?”

“பொய்னு சொல்லல. பயத்துல யாருக்கும் நேரம் தெரியாது.”

சலவைக்காரர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். “சரி. அப்ப அந்த வரி அப்படியே இருக்கட்டும்ங்கறீங்க.”

மனைவி காபியோடு வெளியே வந்தபோது அவர் பாதையின் வளைவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

அந்த அணை நகரத்துக்குக் குடிதண்ணீர் கொடுப்பது. மலையில் பெய்வதெல்லாம் அதில் சேர்ந்து, ஆள் குனிந்து நடக்கக்கூடிய குழாய்களில் இறங்கி, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி நகரத்தின் சமையலறைகளில் வந்து விழுகிறது. தினமும் காலை ஆறு மணிக்கு மதகுக்காரர் அளவுகம்பத்தைப் பார்த்து நீர்மட்டத்தைத் தொலைபேசியில் சொல்வார். நகரத்துப் பத்திரிகைகளில் அது மறுநாள் வானிலைக்குப் பக்கத்தில் வரும். கோடையில் அந்த எண் குறையக் குறைய நகரத்தில் கார் கழுவுவதை நிறுத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக்காரர்கள் கரைமேல் நின்று படம் எடுத்துக்கொண்டு, “எவ்வளவு தண்ணி பாரு, குடுத்து வச்சவங்க” என்பார்கள். குடுத்து வைத்தவர்களின் தெரு அணைக்கு நேர் கீழே இருந்தது. அங்கே குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். அதனால் மலை விடுதிகளிலிருந்து வெளுக்க வந்த படுக்கை விரிப்புகளையெல்லாம் அந்தத் தெருப் பெண்கள் ஓடையில்தான் அலசினார்கள். ஓடையில் கசிவுநீர் கணுக்காலளவு ஓடும். நடுவில் மேசைபோல அகலமான பாறைகள் இருந்தன.

மாதத்தில் இரண்டு திங்கட்கிழமை, அணையின் அடியில் சேரும் வண்டலை வெளியேற்ற அடிமதகைத் திறப்பார்கள். பதினோரு மணிக்கு. அப்போது அந்தக் கணுக்கால் தண்ணீர் ஐந்தாறு நிமிடத்தில் ஆள் உயரமாகிவிடும். திறப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் சங்கு ஊதவேண்டும் என்பது விதி.

மதகுக்காரர் வேலைக்கு வந்த முதல் மாதத்தில் கரைமேலிருந்து ஒரு காட்சியைப் பார்த்தார். சங்கு ஊதியதும் பெண்கள் ஈரத்துணி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, வழுக்கும் பாறையில் கால் வைத்துக் கால் வைத்து ஏறினார்கள். வெறுங்கையோடு ஏறப் பத்து நிமிடம் தாராளம். நனைந்த விரிப்பு இருபதோடு ஏறப் போதாது. ஒருத்தி மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள், விரிப்புகள் தண்ணீரோடு போயின, அவள் கரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த முறை அவர் பத்தரைக்கே சங்கு ஊதினார். பத்தரை என்றே ரிஜிஸ்டரில் எழுதினார். மாதக் கடைசியில் மெமோ வந்தது. விதிக்கு மாறாக முன்கூட்டியே ஒலி எழுப்பியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அப்போதிருந்த என்ஜினியர் நேரில் கூப்பிட்டும் சொன்னார்: “முன்னாடியே ஊதினா ஜனங்க மெத்தனமா நிப்பாங்கய்யா. பத்துன்னா பத்துதான்.”

“சரிங்க சார்,” என்றார் மதகுக்காரர். அதற்குப்பிறகும் பத்தரைக்குத்தான் ஊதினார். ரிஜிஸ்டரில் மட்டும் பத்து ஐம்பது என்று எழுதினார். அலுவலகம் மலையின் மறுபக்கத்தில் இருந்தது. சங்கு அங்கே கேட்காது.

இப்படியே பத்தொன்பது வருடம். அந்தத் தெருவுக்கு அரை மணி என்பது தண்ணீரின் குணம்போல ஆகிவிட்டது. சலவைக்காரரின் மனைவியை எல்லாரும் மணிக்கூண்டு என்று கூப்பிட்டார்கள். கடிகாரம் கட்டாமல் நேரம் சொல்லுவாள். பஸ் போய்விட்டதா, பள்ளிக்கூடம் விட்டுவிட்டதா, எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கேட்பார்கள். சங்குக்கும் தண்ணீருக்கும் இடையில் பன்னிரண்டு விரிப்பு அலசி, பிழிந்து, மூட்டை கட்டிக் கரையேறலாம் என்பது அவளுடைய கணக்கு. ஒருமுறை மின்சாரம் போய்ச் சங்கு தாமதமானது; மதகையும் அதே அளவு தாமதித்துத் திறந்தார். மறுநாள் கடைத்தெருவில் மதகுக்காரரைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன மதகுக்காரரே, நேத்து உங்க சங்குக்குத் தொண்டை கட்டிக்கிச்சா? எப்ப ஊதுவீங்கன்னு காத்துக்கிடந்து என் கணக்கே தப்பிப்போச்சு.”

“டாக்டரைக் கூட்டிட்டு வந்து காட்டறேன் தாயே.”

“டாக்டரெல்லாம் வேணாம். எப்ப ஊதணும்னு என்னைக் கேளுங்க, நான் சொல்றேன்.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

கண் அறுவைக்காக நகரத்துக்குப் போனபோது, தன் இடத்தில் மூன்று நாள் பார்த்துக்கொள்ள மைத்துனனை ஏற்பாடு செய்தார். மைத்துனன் அதே துறையில், முப்பது கிலோமீட்டர் கீழே பம்ப் நிலையத்தில் பிட்டர். கெட்டிக்காரன், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். மதகுக்காரர் அவனை ஒருநாள் முழுக்கக் கூட்டிக்கொண்டு சுற்றினார். எந்தப் படி பாசி பிடித்து வழுக்கும், சக்கரத்துக்கு எங்கே கிரீஸ் வைக்கவேண்டும், எந்தச் சுற்றில் இறுகும், பூட்டு சாவி எங்கே தொங்கும், எல்லாம் சொன்னார். கடைசியில் பஸ் ஏறும்போது, “மத்ததெல்லாம் ரிஜிஸ்டர்ல இருக்கு மாப்ள. அதைப் பாத்து அப்படியே செய்,” என்றார்.

அவன் அப்படியே செய்தான். திங்கட்கிழமை பத்து ஐம்பதுக்குச் சங்கு ஊதினான். பதினோரு மணிக்குச் சக்கரத்தைத் திருப்பினான்.

சலவைக்காரர் வந்துபோன மறுநாள், வியாழக்கிழமை. காலை ஆறு மணிக்கு இருவரும் அளவுகம்பத்துக்கு இறங்கினார்கள். கண் தேறும்வரை உதவிக்கு மைத்துனனையே அங்கே விட்டிருந்தார்கள். தண்ணீர்மேல் பனி படர்ந்திருந்தது. மைத்துனன் குனிந்து எண்ணைப் படித்தான். அதை ரிஜிஸ்டரில் எழுதினான். விபத்துக்குப்பிறகு அவன் சோற்றை அளைந்து அளைந்து வைத்துவிடுவான். இனிமேல் மதகு திறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

“மாமா, ஒண்ணு கேக்கறேன். நான் சரியாத்தான செஞ்சேன்?”

“சரியாத்தான் செஞ்ச.”

“தொறந்துட்டு எட்டிப் பாத்தா, அந்த அம்மா பாறை மேலேயே நின்னுச்சு. நான் மேலேந்து கத்தினேன். கையை இப்படி ஆட்டிக் காட்டுது, இருய்யா இருய்யான்னு. நான் ஓடிப்போயி மூடறதுக்குள்ள தண்ணி ஏறிடுச்சு. ஏன் மாமா அப்படிச் செஞ்சுது? நாத்தனார்காரி ஒரு மூட்டையோட மேல வந்துட்டா. ‘போதும் அண்ணி, வா’ன்னு கூப்பிட்டிருக்கா. ‘சங்கு இப்பத்தான ஊதிச்சு, இன்னும் எட்டு விரிப்பு அலசலாம்’னு சொல்லிச்சாம். பத்து நிமிஷத்துல எட்டு விரிப்பா? புத்தி சரியில்லாத பொம்பளையா அது?”

“இல்ல,” என்றார் மதகுக்காரர். “எட்டு அலசலாம். பன்னெண்டுகூட அலசலாம்.”

மைத்துனன் நிமிர்ந்து பார்த்தான்.

அவர் சொன்னார். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பத்தொன்பது வருடத்து விஷயம் அவ்வளவு சின்னதாக இருந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மைத்துனன் படியில் உட்கார்ந்தான். பிறகு சொன்னான்: “வழுக்குற படிக்கட்டைக் காட்டினீங்க. கிரீஸ் டப்பாவைக் காட்டினீங்க. ஆணியில சாவி தொங்குறதைக்கூடக் காட்டினீங்க. இதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரலையா?”

“மறைக்கணும்னு இல்ல மாப்ள. நினைப்பே வரல. அரை மணிங்கறது எனக்கு மூச்சு விடற மாதிரி ஆயிப்போச்சு. மூச்சு விடுன்னு யாராவது சொல்லிக் குடுப்பாங்களா?”

“சரி. அன்னைக்கு மறந்துட்டீங்க. அதுக்கப்புறம்? பதினேழு நாளா நான் கொலைகாரன் மாதிரி உங்க வீட்டுல உக்காந்திருக்கேன். நேத்து அந்த மனுஷன் வந்து நின்னப்ப நான் உள்ள ரூம்லதான் இருந்தேன். பயத்துல நேரம் தெரியாதுன்னு சொன்னீங்களே மாமா. எப்படிங்க வாய் வந்துச்சு உங்களுக்கு?”

மைத்துனன் ரிஜிஸ்டரை மூடி அவர் கையில் வைத்துவிட்டுப் படியேறிப் போனான்.

வீட்டில் மனைவி எல்லாம் தெரிந்தவள்போல அடுப்புப் பக்கம் திரும்பியே நின்றாள். தெரியாமல் எப்படி இருக்கும்? பத்தொன்பது வருடமாக அவளும் பத்தரைச் சங்கைக் கேட்டுத்தானே அடுப்பில் உலை வைத்தாள்.

“இன்னும் எட்டு மாசம்,” என்றாள். “எட்டு மாசத்துல நீங்க ஓய்வு. மரியாதையா மாலை போட்டு அனுப்புவாங்க. இப்ப போயி நின்னீங்கன்னா வீட்டையும் காலி பண்ணச் சொல்லுவாங்க.”

“சொல்லுவாங்க.”

“போனவ திரும்பி வரப்போறதில்ல.”

“அவ கவனமில்லாம செத்தான்னு எழுதி வச்சிருக்காங்க. அந்தத் தெருவுலேயே கவனமா இருந்தவ அவ ஒருத்திதான்.”

மனைவி திரும்பிப் பார்த்தாள். அவர் அழுதுகொண்டிருந்தார். அறுவை செய்த கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் முந்தானை நுனியால் கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே ஒற்றி எடுத்தாள். பிறகு போய், அவருடைய வெளுத்த சட்டையை எடுத்துக் கட்டில்மேல் போட்டாள்.

அன்று மதியம் அலுவலகத்தில், இப்போது என்ஜினியராக இருந்த அம்மாவின் அறையில் மேசை முழுக்கப் பழைய ரிஜிஸ்டர்கள் இருந்தன, விசாரணைக்காக எடுத்துவைத்தவை. அவர் பொறுமையானவர். மதகுக்காரர் சொல்வதை முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்துப் பேனாவை மூடி வைத்தார்.

“நீங்க என்ன சொல்றீங்கன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களா?”

“புரியுதும்மா.”

“நானூறு தடவைக்கு மேல பொய்யா எழுதினேன்னு சொல்றீங்க. இதுல ஒவ்வொரு பக்கத்துலயும் மேல ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. கடைசி நாலு வருஷம் என் கையெழுத்து.”

“நீங்க நான் எழுதினதை நம்பினீங்க. என் மச்சானும் அதைத்தான் நம்பினான். அந்த அம்மா ஒருத்திதான் நான் செஞ்சதை நம்பிச்சு.”

என்ஜினியர் அம்மா ஒரு ரிஜிஸ்டரைத் திறந்து வரிசையாக விரலை ஓட்டினார். 10.50, 10.50, 10.50. ஒரே மாதிரி சாய்ந்த எழுத்து. “ஒரு தடவைகூட ஒரு நிமிஷம் முன்னப்பின்ன இல்ல,” என்றார். “எனக்கே சந்தேகம் வந்திருக்கணும். நிஜமா ஊதுறவன் பத்து ஐம்பத்தொண்ணுன்னு ஒரு நாளாவது எழுதியிருப்பான்.”

பிறகு வெள்ளைத்தாளை எடுத்து அவர் பக்கம் தள்ளினார். எழுதக் கண் சரியாகத் தெரியவில்லை என்று மதகுக்காரர் சொன்னபோது, தானே எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். அவர் கிளம்பும்போது, “பத்து நிமிஷம் பத்தாதுன்னு நீங்க ஒரு கடிதாசி போட்டிருக்கலாம்,” என்றார். திட்டுவதுபோல இல்லை.

“மெமோ வாங்கின பயம்மா,” என்றார் அவர்.

இரண்டு வாரத்தில் மூன்று தாள்கள் வந்தன. அவரைப் பணியிடை நீக்கம் செய்த உத்தரவு, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவு, கையெழுத்தான அறிக்கையின் நகல். மூன்றாவதை எடுத்துக்கொண்டு அவர் கீழே தெருவுக்கு இறங்கினார்.

சலவைக்காரரின் வீடு ஒரே அறை. பாதியை இஸ்திரி மேசை அடைத்திருந்தது. விடுதிகளின் எண்களைச் சிவப்பு நூலால் மூலையில் தைத்த விரிப்புகள் கூரைவரை அடுக்கியிருந்தன. சலவைக்காரர் தலையணை உறைக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தங்கை தரையில் உட்கார்ந்து துவைக்க வந்த துணிகளைப் பிரித்து ஒரு கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். மதகுக்காரர் வாசற்படியிலேயே நின்று தாளை நீட்டினார்.

“வரியை மாத்தியாச்சு.”

சலவைக்காரர் வாங்கவில்லை. “தங்கச்சியும் கேக்கட்டும். நீங்களே படிங்க.”

அவர் தாளை வலது கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு படித்தார். ‘சங்கொலிக்கும் மதகு திறப்புக்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகளாக அரை மணி நேரம் விடப்பட்டு வந்துள்ளது. இறந்தவர் அந்த வழக்கத்தை நம்பியே ஓடையில் இருந்தார். அவர்மீது தவறு இல்லை. இடைவெளியைப் பொய்யாகப் பதிவு செய்ததும், பொறுப்பு மாற்றும்போது தெரிவிக்கத் தவறியதும் மதகுக்காரரின் குற்றம்.’

“அரை மணின்னே போட்டிருக்கா?” தங்கை கேட்டாள். கரகரத்த குரல்.

“போட்டிருக்கும்மா.”

“நான் சொன்னேன்னு இருக்கா?”

“இருக்கு. இறந்தவரின் நாத்தனார் கூறியது சரியேன்னு இருக்கு.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கையில் இருந்த துணியை இறுகப் பிடித்திருந்தாள்.

சலவைக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “ஒண்ணு கேக்கணும். அந்த அரை மணியை ஏன் குடுத்தீங்க?”

“ஈரத்துணி கனம். தூக்கிட்டு ஏற முடியல. பாத்தேன்.”

“ம்.” அவர் உறையை மடித்து அடுக்கின்மேல் வைத்தார். “நீங்க நல்லவர்தான். தெருவுல அப்படித்தான் பேசிக்கறாங்க. உங்களால பத்தொம்பது வருஷத்துல யார் துணியும் போகல. ஆனா நீங்க குடுக்காம இருந்திருந்தா, அவ பத்து நிமிஷத்துல ஏறப் பழகியிருப்பா.”

கோபமாகச் சொல்லவில்லை. வெகுநாளாக யோசித்துத் தேறிய ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னார். மதகுக்காரர் தலையாட்டினார். மேசையின் விளிம்பில் தாளை வைத்தார். சலவைக்காரர் அதை எடுத்து, பெட்டிச் சூடு படாத இடமாகப் பார்த்து, விரிப்புகளுக்கு இடையில் செருகினார்.

தங்கை கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மதகுக்காரர் வழிவிட்டு ஒதுங்கினார். அவள் படியில் நின்று, அவர் முகத்தைப் பார்க்காமல், பழக்கத்தில் கேட்டாள்:

“இன்னைக்கு சங்கு உண்டா?”

அவர் அணையின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“தெரியலம்மா. இப்ப வேற ஆளு. நாளு, நேரம் எல்லாம் மாத்தியிருக்காங்கன்னு கேள்வி.”

அவளும் அணையைப் பார்த்தாள். பிறகு கூடையை இறக்கி உள்ளே வைத்தாள்.